தோலின் மேல் வைத்த கை

எலிசர் மாமா தண்டோரா போட்டு முடித்துவிட்டு நிற்கிற நேரத்தில், ஒரு ஆள் ஒரு கிண்ணம் சாகோக் களியை மீன்சாற்றோடு உறிஞ்சித் தின்று, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தும் விடலாம். இதை நான் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரி அடோல்பினா அத்தையே சொன்னது. கட்டிக்கொண்டவளே சொல்லிவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எங்கள் ஊருக்கு அவர்தான் மரின்யோ. ராஜா சொல்வதை ஊருக்குச் சொல்கிற ஆள். எங்கள் ராஜாவுக்கு அரண்மனை கிடையாது, துரு ஏறிய சைக்கிள் ஒன்று உண்டு, கோபம் மட்டும் நிஜமான ராஜாக் கோபம். அவர் வாயைத் திறந்தால் எலிசர் மாமா திஃபாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முழங்கை நீளத்துக்குக் குடைந்த மரம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல், அதை இழுத்துப் பிடிக்கப் பிரம்பு வளையம், வளையத்தை இறுக்க மர ஆப்புகள். அவர் அப்பா காலத்துத் திஃபா. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துபோனால் தேங்காய் மட்டைத் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்.

"அந்தத் தோலைத் தடவுற கை ஒரு நாளாவது என் முதுகைத் தடவியிருக்கா?" என்று அத்தை கேட்பாள்.

"உ-உன் முதுகுல த-தட்டுனா சத்தம் வருமா?" என்பார் மாமா.

"வரும். அந்தச் சத்தம் பக்கத்துத் தீவுக்கும் கேக்கும். தட்டித்தான் பாருங்களேன்."

மாமாவுக்குத் திக்குவாய். உப்பு வேண்டும் என்று கேட்பதற்குள் குழம்பு ஆறிவிடும். ஆனால் திஃபாவில் கை விழுந்துவிட்டால் நாக்கு திருந்திவிடும். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரலை எங்கே வைத்திருந்தார் என்று தெரியாது. மேட்டில் கிராம்பு பறிக்கிறவர்களுக்கும் கேட்கும், பாறைக்கு அந்தப் பக்கம் தூண்டில் போடுகிறவனுக்கும் கேட்கும்.

அப்பா செத்து அவர் வேலையை ஏற்ற முதல் நாளே சொதப்பினார். பெனோனியின் பன்றி அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. பயத்தில், "பெனோனியின் மனைவியைக் காணவில்லை, கண்டவர்கள் காலைக் கட்டி வைக்கவும்" என்று ஊர் முழுக்க முழங்கிவிட்டார். பெனோனியின் மனைவி விறகுக் கட்டையோடு தேவாலயம் வரைக்கும் துரத்தினாள். பன்றி தானாகத் திரும்பி வந்தது. அந்தக் கதையை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த நிற்கிற கதைக்கு மட்டும் அவர் சிரித்ததில்லை. செய்தியைச் சொல்லி முடிப்பார், கடைசியாக ஒரு அடி அடிப்பார், உடனே உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்து அதன் சத்தத்தை அமுக்குவார். பிறகு தலையைக் கடல் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். பன்றிக் காய்ச்சல் ஊசி போட ஆள் வருகிறார் என்பதுதான் செய்தி. அதற்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள்? இருந்தும் நிற்பார்.

அவர் எதற்கு நின்றார் என்று எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் பெயர் லெவினா. என் புருஷன் ஹெர்மானுஸ் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னவர் அவர்தான். அம்மா வழியில் எனக்கு மாமா முறை. அவரைப் பல வருஷம் வெறுத்தேன். அதற்குக் காரணம் என்று ஊர் நினைத்தது வேறு, நிஜம் வேறு.

*

கிழக்குக் காற்றுக் காலம். எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம். என் புருஷனும் அவன் அண்ணன் சகரியாஸும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மாலையில் படகெடுத்துப் போனார்கள். கரையில் நின்ற என்னைப் பார்த்து, "சுட்ட மீன் வேணுமா, குழம்பு மீன் வேணுமா?" என்று கத்தினான். "மொதல்ல பிடி, அப்புறம் பேசு" என்றேன். அன்று இரவு காற்று திரும்பியது. திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை படகின் பக்கத் தாங்கு கட்டை ஒன்று மட்டும் கரையில் ஒதுங்கியது. ஊரில் இருந்த எல்லாப் படகும் தேடப் போனது.

கடலில் போய்த் திரும்பாதவனுக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏழாம் நாள் மரின்யோ ஆற்று முகத்தில் இருக்கிற தட்டைப் பாறையில் ஏறி நின்று அவன் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். ஒவ்வொரு தரமும் ஒரே ஒரு அடி, உடனே தோலின் மேல் கை. பதில் வந்தால் திஃபாவின் சத்தத்தில் அது முங்கிப்போய்விடக் கூடாது, அதற்காகத்தான். மூன்றாம் தரம் முடிந்ததும் குடும்பத்தைப் பார்த்து, "பதில் உண்டா?" என்று கேட்பார். குடும்பத்தில் ஒருவர் "இல்லை" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் திஃபாவின் முகத்தை மணலில் கவிழ்த்து வைப்பார். அதோடு அவன் செத்தவன். அதற்கு மேல் அவனைத் தேடக் கூடாது, அவன் பெயரைத் திஃபாவில் கூப்பிடவும் கூடாது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் திஃபாவில் ஒரு விரல்கூடப் படாது. அன்றைக்குக் கர்த்தரின் மணி மட்டும்தான். திங்களுக்குத் தள்ளலாம் என்றால், திங்கட்கிழமை காலை சங்கு எடுக்கக் கூடாதென்ற தடை நீங்க வேண்டும். இரண்டு வருஷமாக யாரும் கை வைக்காத சங்குகள், வாங்குகிறவனின் படகு வேறு கிளம்பிவிட்டது. கூப்பிடாத பெயர் ஒன்று பாக்கி இருக்கும்போது கடலைத் திறக்கவும் கூடாது. பழைய ராஜா தாடையைச் சொறிந்தார்.

"ஆறாம் நாளே கூப்பிட்டுரு, எலிசர். ஒரு நாள்தானே. அந்தக் கட்டை ஒதுங்குனப்பவே விஷயம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

"வ-வழக்கம் ஏழு, ராஜா."

"வழக்கத்தை எனக்குச் சொல்லித் தர்றியா? போய்த் தோலைச் சூடு காட்டு."

ராஜா சொன்னால் மரின்யோ கிளம்ப வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மாலையே தேடின படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பறவைப் பாறையை மூடிக்கொண்டு மேகம் இறங்கியிருந்தது. ஊரே கறுப்பு உடுத்திக்கொண்டு ஆற்று முகத்தில் நின்றது. ராஜாவின் மனைவி என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் சகரியாஸ் பெயர், மூத்தவன் அல்லவா. மூன்று தரம். அவன் பெண்டாட்டி "இல்லை" என்று சொல்லிவிட்டு மணலில் சரிந்தாள். பிறகு என் புருஷன் பெயர்.

"ஹெர்மானுஸ்!" அடி. கை. கடல்.

"ஹெர்மானுஸ்!" அடி. கை. கடல்.

மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டு மாமா கையைத் தோலிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பார்த்தார். ராஜா கனைத்தார்.

"பதில் உண்டா?" என்று கேட்டார் மாமா. சட்டம் கேட்கச் சொல்கிற கேள்வி மாதிரி அது இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் "இல்லை" என்றேன். அந்த வார்த்தையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்கிறேன். இத்தனை வருஷம் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வராது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, செத்துப்போன சகரியாஸ் தேவாலயத்துக்குள் நடந்து வந்தான்.

சட்டை இல்லை. உதடு உப்பில் வெடித்துத் தொங்கியது. பாட்டு அப்படியே அறுந்தது. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். உயிர்த்தெழுதலைப் பற்றி வருஷம் தவறாமல் பிரசங்கம் பண்ணுகிற பாதிரியார் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். சகரியாஸ் பெண்டாட்டி மட்டும் நேராக ஓடிப்போய் அவனைக் கன்னத்தில் அறைந்தாள். அறை விழுந்து சத்தம் வந்த பிறகுதான் ஊர் அவனை நம்பியது. எங்களோடு சகோதர உடன்படிக்கை இருக்கிற பக்கத்துத் தீவின் படகுக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் அவனைப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் வாசலைப் பார்த்தேன். வாசலில் வேறு யாரும் இல்லை, என் ஹெர்மானுஸ், என் மானு இல்லை.

"மானு எங்கே?" என்று கேட்டேன்.

சகரியாஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மூணாம் நாளே போயிட்டான்மா. தண்ணி இல்லாம. நான்தான் கடல்ல விட்டேன்."

ஞாயிறு கழிந்ததும் சகரியாஸுக்குத் திஃபாவை நிமிர்த்தி வைத்து, அவன் கையாலேயே ஒரு அடி அடிக்கச் சொல்லி, அவனை உயிரோடு இருப்பவர்களில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். என் புருஷனுக்குக் கவிழ்த்தது கவிழ்த்ததுதான். சங்குத் தடையைத் திங்கட்கிழமை திறந்தார்கள். நல்ல சங்கு என்று பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் மீன் புகை போட்டுக்கொண்டிருந்தேன். எலிசர் மாமா வேலிப் பக்கம் வந்து நின்றார். திஃபா இல்லாமல் அவர் கை இரண்டும் அனாதையாகத் தொங்கியது.

"லெ-லெவி. அ-அன்னைக்கு. மூ-மூணாவது தரம்." வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டார். "உ-உனக்கு ஏதாச்சும் கே-கேட்டுச்சா?"

"என்ன கேக்கணும் மாமா?"

"கு-குரல். 'ஓய், இங்கதான் இருக்கேன்'னு."

"இல்ல மாமா" என்றேன். "மூணாம் நாளே செத்தவன் ஆறாம் நாள் எப்படி மாமா பதில் சொல்லுவான்?"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்துதான் அவர் தண்டோரா போட்டுவிட்டு நிற்க ஆரம்பித்தார். முதலில் ஒரு மூச்சு நேரம். பிறகு இரண்டு. வருஷம் போகப் போக அது நீண்டுகொண்டே போனது. செத்தவன் தனக்குப் பதில் சொன்னான் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு தரம் சொன்னவன் மறுபடி சொல்லுவானே, எப்போது என்று தெரியாதே, ஆகவே ஒவ்வொரு தரமும் இடம் விட்டு நின்றார். இரண்டு தடவை அடோல்பினா அத்தையிடம், "இ-இப்பக்கூடக் கேட்டுச்சு" என்று சொல்லியிருக்கிறார். அத்தை அதை மூன்று பேரிடம் சொல்ல, மூன்று முப்பதாயிற்று. வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? கர்ப்பமான பெண்கள் அவர் தெருவில் வந்தால் உள்ளே போய்விடுவார்கள். பயல்கள் புதருக்குள் ஒளிந்துகொண்டு, அவர் நிற்கும்போது, "ஓய்!" என்று குரல் கொடுப்பார்கள். அவர் கோபப்படமாட்டார். அந்தக் குரல் இல்லை என்று தெரிந்ததும் தலையைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

புதுவருஷத்தன்று எங்கள் ஊரில் எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போய்க் கை கொடுப்பார்கள். மாமா என் வீட்டுக்கு எப்போதும் கடைசியாக வருவார். டீயில் சாகோ ரொட்டியை நனைத்துத் தின்பார். எழுந்திருக்கும்போது கேட்பார்.

"லெ-லெவி. அன்னைக்கு?"

"இல்ல மாமா."

வருஷத்துக்கு ஒரு தரம். பதினேழு வருஷம். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தான் பைத்தியம் இல்லை என்று சொல்ல இன்னொரு காது. அந்தக் காது என் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கறுப்புத் துணியால் மூடி வைத்திருந்தேன்.

ஆமாம், எனக்குக் கேட்டது. மூன்றாவது தரம், அவர் கை தோலின் மேல் இருந்தபோது, மழைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஓய்! இங்கதான் இருக்கேன்!" என்று என் மானு கத்தினான். சுட்ட மீனா குழம்பு மீனா என்று கத்தின அதே தொண்டை. ஆனால் அந்த ஆறு நாளும் நான் அவனைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கிணற்றடியில் கேட்டேன். ஓலைச் சுவருக்குப் பின்னால் அவன் இருமுவதைக் கேட்டேன். பெண்கள் எல்லாரும், "அது துக்கம் கேக்குறதுடி, காதுல வாங்காத" என்று சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கி வைத்திருந்தார்கள். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். மாமா முகத்தைப் பார்த்தேன், மாறியிருந்தது. அவர் 'கேட்டது' என்று சொல்லியிருந்தால் நான் கடலுக்குள் ஓடியிருப்பேன். நான் 'கேட்டது' என்று சொல்லியிருந்தால் அவர் திஃபாவைக் கவிழ்த்திருக்கமாட்டார். அவர் என் வாயைப் பார்த்தார், நான் அவர் வாயைப் பார்த்தேன். ராஜாவின் மனைவி என் முதுகை லேசாக அழுத்தினாள்.

பிறகு சகரியாஸ் வந்து மூணாம் நாள் என்றான். அப்படியென்றால் ஆறாம் நாள் எனக்குக் கேட்டது எது? அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது. ஒப்புக்கொண்டால் அது என் வீட்டுக்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். ஒப்புக்கொள்ளாமலும் அது வந்தது. பதினேழு வருஷமும் மாமா தெருவில் நின்றபோதெல்லாம் நானும் வேலிக்கு உள்ளே கரண்டியோடு நின்றேன். அவருக்குக் கேட்டபோதெல்லாம் எனக்கும் கேட்டது. அதனால்தான் அவரை வெறுத்தேன்.

*

இந்த வருஷம் கிராம்பு முடிந்த கையோடு சகரியாஸுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு புதன்கிழமை மத்தியானம் மீன்சாறு கொண்டுபோனேன். அவன் பெண்டாட்டி துணி துவைக்கப் போயிருந்தாள். இரண்டு வாய் குடித்தான். கிண்ணத்தைத் தள்ளினான்.

"லெவி, மூணாம் நாள் இல்லம்மா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "எது?"

"மானு. அவன் மூணாம் நாள் சாகல." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சனிக்கெழம காலைல நாங்க பறவைப் பாறைக்குப் பின்னால கெடந்தோம். மழை மூடியிருந்துச்சு. திஃபாச் சத்தம் கேட்டுச்சு. மொதல்ல என் பேரு. எனக்கு வாயத் தொறக்கவே முடியல, நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் அவன் பேரு. ரெண்டு தரம் கத்திப் பாத்தான், காத்து அடிச்சுட்டுப் போயிருச்சு. மூணாவதுக்கு எந்திரிச்சு நின்னான். 'ஓய், இங்கதான் இருக்கேன்!' அவ்வளவு சத்தம் அந்த உடம்புல எங்க இருந்துச்சோ. அப்புறம் திஃபா நின்னுபோச்சு."

கிண்ணத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"'கேட்டுட்டாங்கண்ணே, இப்ப வந்துருவாங்க'ன்னு சொன்னான். சிரிச்சான்மா. உக்காந்து காத்துக்கிட்டு இருந்தோம். மத்தியானம் வரைக்கும் இருந்தோம். யாரும் வரல. நீரோட்டம் எங்களை வெளிய இழுக்க ஆரம்பிச்சுச்சு. 'நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்'னு குதிச்சுட்டான். நான் அண்ணன், படகுல உக்காந்திருந்தேன். தம்பி குதிச்சான். இத எப்படிச் சொல்லுவேன் உங்கிட்ட?"

மீன்சாறு ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைத் திட்ட எனக்கு வாய் ஏது? அவன் ஒரு பொய் சொன்னான். நான் பத்தொன்பது சொல்லியிருந்தேன். முதல் பொய்யைச் சொன்னபோது என் புருஷன் உயிரோடு உட்கார்ந்து, கேட்டுவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் எலிசர் மாமாவின் பேய் போய்விடும். ஆனால் பேய் இருந்த இடத்தில் ஒரு மனிதன் வந்து உட்காருவான், அவர் கைவிட்ட மனிதன். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. அவரை அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

விடுவதற்கு வழி இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை காலை ஊர்ச்சபை கூடியது. இப்போதைய ராஜா இளையவர், பழையவரின் மருமகன். நான் டீ கொடுக்கப் போயிருந்தேன். எலிசர் மாமா நடுவில் நிற்க, திஃபா அவர் காலடியில் இருந்தது.

"மாமா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு" என்றார் ராஜா. "ஆனா செத்தவங்க குரல் கேக்குற ஆளு கையில ஊர்த் திஃபா இருக்கலாமா? ஊரே பயப்படுது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். 'கேக்கல, சும்மா பழக்கத்துல நிக்கிறேன்'னு சொல்லுங்க, நான் விட்டுடுறேன்."

பின்வரிசையில் பெனோனியின் மகன், "சொல்லுங்க மாமா, ஒரு பொய்தானே! எங்க அம்மாவையே பன்னின்னு சொன்னவருக்கு இது கஷ்டமா?" என்று எடுத்துக் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவரைக் காப்பாற்றத்தான் சிரித்தார்கள்.

மாமா திஃபாவைப் பார்த்தார். "கே-கேக்குது" என்றார். "பொ-பொய் சொல்லமாட்டேன். ஒரு த-தரம் கேக்காத மாதிரி நின்னதே போதும்."

ராஜா பெருமூச்சு விட்டார். திஃபாவை எடுக்கச் சொல்லி ஆளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றேன்.

தட்டு என் கையில் இருந்தது. அதைத் தரையில் வைத்தேன்.

"என்ன லெவினா?"

"பதினேழு வருஷத்துக்கு முன்னால. ஆத்து முகத்துல. மூணாவது தரம் கூப்பிட்டப்போ என் புருஷன் பதில் சொன்னான். மாமாவுக்குக் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு. நான் இல்லைன்னு சொல்லிட்டேன். அது பேய் இல்ல. அவன் பறவைப் பாறைக்குப் பின்னால உசிரோட இருந்தான். சகரியாஸ் அண்ணன்கிட்ட ஆள் அனுப்பிக் கேளுங்க. அவன் மத்தியானம் வரைக்கும் நமக்காகக் காத்துக்கிட்டு இருந்தான்."

ஆள் போய் வரும்வரை யாரும் டீ குடிக்கவில்லை. போனவன் திரும்பி வந்து தலையை மட்டும் ஆட்டினான்.

எலிசர் மாமா என் பக்கம் திரும்பினார். என்னை அறைவார் என்று நினைத்தேன். அறையட்டும் என்றும் நினைத்தேன்.

"வருஷா வருஷம் வந்து கேட்டேனே, லெவி" என்றார். திக்கவில்லை. திஃபாவில் கை வைக்காமல் அவர் திக்காமல் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "நான் பைத்தியம் இல்லையா?"

"இல்ல மாமா."

"அப்போ அவன் உசிரோட இருந்தான்."

"ஆமா மாமா."

அவர் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு நான் கொடுத்தது மருந்தா விஷமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராஜாதான், "பதில் சொன்ன பேரு முடியாத பேரு. அத மறுபடி கூப்பிடணும். அதுதான் வழக்கம்" என்றார். "எந்த நாள்?"

"செ-செவ்வாய்" என்றார் மாமா, முகத்திலிருந்து கையை எடுக்காமல். "ஞா-ஞாயிறு கிட்ட வராத நாளா இருக்கட்டும்."

*

செவ்வாய்க்கிழமை காலை வெயில். பறவைப் பாறை பளிச்சென்று தெரிந்தது, எவ்வளவு பக்கம் அது! சகரியாஸைப் பாயோடு தூக்கி வந்து மணலில் படுக்க வைத்தார்கள். இந்தத் தரம் என் முதுகில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மாமா தட்டைப் பாறையில் ஏறினார். தோலை விரலால் சுண்டிப் பார்த்தார்.

மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கையைத் தோலின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். ஊர் காத்திருந்தது. அலை வந்து போயிற்று. ஒரு பறவை பாறையிலிருந்து எழும்பி மறுபடி உட்கார்ந்தது. நான் என் உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு கேட்டேன். வா, இப்போது சொல், எல்லாப் படகும் கரையில் தயாராக இருக்கிறது என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"பதில் உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் பாறையிலிருந்து என்னைப் பார்த்தார். "எனக்கும் கேக்கல, லெவி" என்றார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. மெல்ல இறங்கி வந்து திஃபாவை மணலில் கவிழ்த்து வைத்தார்.

பதினேழு வருஷம் கறுப்பு உடுத்தியிருந்தேன். விதவையானது அன்றைக்குத்தான்.

இப்போது மாமா நிற்பதில்லை. நேற்று பள்ளிக்கூடக் கூரைக்கு ஓலை வேண்டும் என்று சொல்ல வந்தார். கடைசி அடி அடித்தார், சட்டென்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அடோல்பினா அத்தை, "இப்ப ரொம்ப வேகம், பாதிச் செய்தி காதுல விழறதுக்குள்ள ஆளக் காணோம்" என்று குறை சொல்கிறாள். வேலிக்கு உள்ளே கரண்டியோடு நான்தான் நிற்கிறேன். அவர் போன பிறகும் நின்று கடல் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்கிறேன். ஒன்றும் இல்லை. பதினேழு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்த குரல், நான் உள்ளதைச் சொன்ன நாளிலிருந்து வரவே இல்லை. மானு, இனி நான் 'இல்லை' என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு தரம் வந்தால் என்ன?